காப்பர்-டி, அந்தரா, சாயா: எந்தத் தொந்தரவைப் பொறுத்துக்கலாம், எதுக்கு உடனே மாத்தணும்?

கேள்வி: விவேக்நகர் அம்மாக்கள் குழு

வணக்கம். பெங்களூரு விவேக்நகர், எஜிபுரா, ஆஸ்டின்டவுன் பக்கத்துத் தமிழ் அம்மாக்கள் குழுவில் கருத்தடை பற்றிப் புலம்பல் வராத வாரமே இல்லை. பெரும்பாலும் ஒரு வயதுக்குக் கீழே கைக்குழந்தை வைத்திருப்பவர்கள். டாக்டரிடம் சொன்னால் "போகப்போகச் சரியாயிடும்மா" என்று பதில் வருகிறது. எத்தனை மாதத்தில், எந்த அளவு வரை, சரியாகாவிட்டால் அடுத்து என்ன என்று யாரும் சொல்வதில்லை. பொறுக்க முடியாமல் இவர்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த வழி தொடங்குவதற்குள் கர்ப்பம் பார்க்கும் கார்டு டெஸ்டில் இரண்டு கோடு வந்து நிற்கிறது.

இங்கே நர்ஸ், ஃபார்மசிஸ்ட், டாக்டர் எல்லோரும் இருப்பதால் குழுவில் வந்த சந்தேகங்களைத் தொகுத்துப் போடுகிறோம்.

கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி போட்ட பிறகு 8, 9 நாள் ரத்தப்போக்கு. எவ்வளவு நாள் காத்திருக்கலாம்? அதன் நூல் கையில் தட்டுப்படவில்லை என்றால்? அந்தரா ஊசிக்குப் பிறகு தினமும் சொட்டுச்சொட்டாகப் படுவதை நிறுத்த வழி உண்டா? சாயா மாத்திரைக்குக் கிழமைக் கணக்கு என்ன, மறந்தால் என்ன செய்வது? பால் கொடுக்கும்போது எந்த மாத்திரை ஆகும், எது ஆகாது? முடி கொட்டுவது, எடை, எரிச்சல் எல்லாம் இதனால்தானா? முக்கியமாக, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது நடுவில் ஓட்டை விழாமல் எப்படி மாறுவது?

சொந்த அனுபவக் கதை வேண்டாம். "எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்ற பதில் சத்தியமாக வேண்டாம்.

பதில் 1: பிரசவ வார்டு சிஸ்டர்

காப்பர்-டி பத்தி நான் சொல்றேன், மாத்திரையை மத்தவங்க பாத்துக்கட்டும்.

எந்த டி, எப்போ வெச்சதுன்னு முதல்ல தெரிஞ்சுக்கணும். அரசு ஆஸ்பத்திரியில ரெண்டு வகை இருக்கு. 380ஏ-ன்னா 10 வருஷம், 375-ன்னா 5 வருஷம். நஞ்சுக்கொடி வெளியே வந்த 10 நிமிஷத்துக்குள்ளயோ, பிரசவமாகி 48 மணி நேரத்துக்குள்ளயோ, சிசேரியன்னா கர்ப்பப்பையைத் தைக்கிறதுக்கு முன்னாடியோ வெச்சுடுவாங்க. அந்த நேரம் தவறினா 6 வாரம் கழிச்சுத்தான். பிரசவத்தோட வெச்சது நழுவி வெளியே வர்ற வாய்ப்பு ஜாஸ்தி. அதுக்குத்தான் 6-வது வாரம் ஒரு செக்கப் வெச்சிருக்காங்க. நம்மாளுங்க கோட்டை விடறது அங்கதான். பிரசவம் தருமபுரியிலயோ வேலூர்லயோ அம்மா வீட்டுல, பெங்களூருக்குத் திரும்பறது 3-ம் மாசமோ 5-ம் மாசமோ. அந்த 6-வது வாரம் ரெண்டு ஊருக்கும் நடுவுல காணாமப் போயிடுது. டிஸ்சார்ஜ் சம்மரியில காப்பர்-டின்னு ஒரு வரி இருக்கான்னு இன்னிக்கே எடுத்துப் பாருங்க. கேக்காமலே வெச்சு, சொல்லாமலே அனுப்புற இடங்களும் இருக்கு. அது தப்பு. உங்க சம்மதம் இல்லாம வெக்கக் கூடாது.

இப்போ போக்கு. செம்பு கர்ப்பப்பை உள்சவ்வுல லேசா ஒரு அழற்சியை உண்டாக்கும், வலியைத் தூண்டற ப்ராஸ்டாகிளாண்டின்ங்கிற ரசாயனம் ஏறும். வலியும் போக்கும் அதனாலதான். அந்த ப்ராஸ்டாகிளாண்டினைக் குறைக்கிற மெஃபனமிக் ஆசிட் இதுக்குக் கேக்கறதும் அதனாலதான். வழக்கமா எழுதித் தர்றது 500 மி.கி., சாப்பிட்ட பிறகு 3 வேளை, 3-லேர்ந்து 5 நாள். வலி உச்சத்துக்குப் போன பிறகு முழுங்கறதைவிட போக்கு தொடங்கின முதல் நாளே ஆரம்பிச்சாத்தான் முழுப் பலன். வயித்துப்புண், ஆஸ்துமா, கிட்னி தொந்தரவு இருந்தா கேக்காமப் போடாதீங்க. இது போதலைன்னா போக்கைக் குறைக்கிற ட்ரானெக்சாமிக் ஆசிட், 500 மி.கி. மாத்திரை ரெண்டு ரெண்டா 3 வேளை, அதிகமாப் போற நாளுக்கு மட்டும், 4-5 நாளுக்கு மேல வேண்டாம். கால்லயோ நுரையீரல்லயோ ரத்தம் உறைஞ்ச வரலாறு இருந்தா கூடவே கூடாது. டாக்டர் சீட்டோடதான் வாங்கணும்.

முதல் 3-லேர்ந்து 6 மாசம் போக்கு கூடுதலா இருக்கும், அப்புறம் குறையும்னு சொல்றது பொதுவா உண்மை. ஆனா ரத்தம் இருக்கிறவங்கதான் 6 மாசம் காத்திருக்க முடியும். ஹீமோகுளோபின் (எச்பி) 12-க்கு மேலன்னா பாக்கலாம். 10-க்குக் கீழ இருக்கிறவங்களை "பொறுத்துக்கோம்மா"ன்னு அனுப்பறது எனக்குச் சரியாப் படலை. காப்பர்-டி வெக்கிற அன்னிக்கு ஒரு எச்பி, 3 மாசம் கழிச்சு ஒரு எச்பி பாத்து, இறங்கிட்டே வந்தா வேற வழிக்கு மாறணும். இரும்பு மாத்திரையை காபி, டீ, பாலோட போடாதீங்க, ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுங்க. கால்சியம் மாத்திரைக்கும் இதுக்கும் 2 மணி நேர இடைவெளி வேணும். காலையில ஃபில்டர் காபியோட இரும்பு, கால்சியம் ரெண்டையும் சேத்து முழுங்கிட்டு "எச்பி ஏறவே இல்லை"ன்னு சொன்னா எப்படி ஏறும்?

இதுக்கெல்லாம் காத்திருக்காதீங்க: தொடர்ந்து 2 மணி நேரம், மணிக்கு ஒரு பேட் முழுசா நனையறது, 5 ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டி திரும்பத் திரும்ப வர்றது, காய்ச்சலோட அடிவயித்து வலி, நாத்தமடிக்கிற வெள்ளைப்படுதல். வெச்ச முதல் 20 நாள்லதான் தொத்துக்கு வாய்ப்பு கூடுதல். நாள் தள்ளிப்போய் ஒரு பக்கமா வயிறு இழுத்துப் பிடிச்சா அன்னிக்கே போங்க. கரு குழாயில தங்கியிருக்கலாம்.

நூல் பாக்கறது: கையைக் கழுவிட்டு குந்தி உக்காந்து நடுவிரலை உள்ளே விட்டா மூக்கு நுனி மாதிரி கெட்டியா ஒண்ணு தட்டுப்படும், அது கர்ப்பப்பை வாய். நூல் அங்க இருக்கும். இழுக்காதீங்க. நூலுக்குப் பதிலா கெட்டியா பிளாஸ்டிக் நுனி தட்டுப்பட்டா டி இறங்கிட்டு இருக்குன்னு அர்த்தம், அன்னிலேர்ந்து காண்டம். நூலே இல்லேன்னா முதல்ல கார்டு டெஸ்ட், அடுத்து ஸ்கேன். ஸ்கேன்ல காணலைன்னா வயித்து எக்ஸ்ரே. டி-யோட பிளாஸ்டிக்ல பேரியம் கலந்திருக்கும், அதனால எக்ஸ்ரேல பளிச்சுன்னு தெரியும். அதுலயும் இல்லேன்னாத்தான் விழுந்துடுச்சுன்னு முடிவு பண்ணணும். சிசேரியன்ல வெச்சதுக்கு நூல் உள்ளேயே சுருண்டு கிடக்கிறது சகஜம், அதுக்குப் பயப்பட வேண்டாம். நூல் குத்துதுன்னு வீட்டுக்காரர் சொன்னா நூலை மட்டும் கட்டையா வெட்டிக்கலாம், டி-யை எடுக்கத் தேவையில்லை.

பதில் 2: அல்சூர் மருந்துக்கடை

சிஸ்டர் விட்டதிலிருந்து தொடர்கிறேன். மாத்திரை விஷயத்தில் நடக்கும் குளறுபடிகளில் பாதி கிழமைக் கணக்கில்தான் வருகிறது.

சாயாவும் கடையில் கிடைக்கும் சஹேலியும் ஒரே மருந்துதான். சென்ட்குரோமான் 30 மி.கி., லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவானது. ஹார்மோன் கிடையாது, பால் கொடுப்பவர்களும் போடலாம். போக்கு தொடங்கும் முதல் நாள் முதல் மாத்திரை, அதிலிருந்து 4-வது நாள் இரண்டாவது. முதல் மாத்திரை ஞாயிறு என்றால் இரண்டாவது புதன். திங்கள் என்றால் வியாழன், செவ்வாய் என்றால் வெள்ளி. இப்படி வாரம் இரண்டு, 3 மாதம் முழுக்க. 4-வது மாதத்திலிருந்து அந்த முதல் கிழமையில் மட்டும் வாரம் ஒன்று. நடுவில் பீரியட்ஸ் வந்தாலும் கிழமை மாறக் கூடாது. "பீரியட்ஸ் வந்துச்சு, மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிச்சேன்" என்பவர்கள் நிறைய. அது தவறு.

மறந்தால் நினைவு வந்தவுடன் போட்டுவிடுங்கள். ஓரிரு நாள் தாமதம், 7 நாளுக்குள் என்றால் வழக்கமான கிழமையைத் தொடரலாம். அடுத்த பீரியட்ஸ் வரை காண்டம் சேர்த்துக்கொள்ளுங்கள். 7 நாள் தாண்டிவிட்டால் மறுபடி புதிதாக, வாரம் இரண்டு, 3 மாதம். உடலில் இந்த மருந்து பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், அதனால்தான் வாரம் ஒரு மாத்திரை போதுமானதாக இருக்கிறது. முதல் 3 மாதம் அளவை ஏற்றி வைப்பதும் அதற்காகத்தான். இதன் பெரிய தொல்லை பீரியட்ஸ் தள்ளிப்போவது. எதிர்பார்த்த தேதியிலிருந்து 15 நாள் தாண்டினால் கார்டு டெஸ்ட் போடுங்கள். பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி), மஞ்சள்காமாலை அல்லது வேறு கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு இது சரிப்படாது.

மாலா-என் அரசு இலவசமாகத் தருவது, மாலா-டி கடையில் விற்பது. உள்ளே இருப்பது ஒன்றே: 21 ஹார்மோன் மாத்திரை, 7 இரும்பு மாத்திரை. இதில் ஈஸ்ட்ரோஜன் இருப்பதால் பால் கொடுக்கும் அம்மா குழந்தைக்கு 6 மாதம் ஆகும் வரை தொடக் கூடாது. பால் குறையலாம், பிரசவமான முதல் 6 வாரத்தில் ரத்தம் உறையும் ஆபத்தும் கூடுதல். ஒரு மாத்திரை மறந்தால் நினைவு வந்ததும் போடுங்கள், அன்றே இரண்டு போட நேர்ந்தாலும் பரவாயில்லை. இரண்டோ அதற்கு மேலோ மறந்தால் 7 நாள் காண்டம். மூன்றாவது வாரத்தில் அப்படி மறந்தால் இரும்பு மாத்திரையை விட்டுவிட்டு நேராக அடுத்த அட்டையைத் தொடங்குங்கள். பார்வையில் மின்னல் கோடு தெரிந்து பிறகு வரும் ஒற்றைத் தலைவலி, பி.பி. 140/90-க்கு மேல், 35 வயதுக்கு மேல் புகைப்பழக்கம் இருப்பவர்கள் கடைக்காரரை நம்பி இதை வாங்கவே கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், மூச்சு அடைத்தால், மாத்திரையை நிறுத்திவிட்டு எமர்ஜென்சிக்குப் போங்கள்.

பால் கொடுப்பவர்களுக்கு உள்ள தினசரி மாத்திரை டெசோஜெஸ்ட்ரல் 75 மைக்ரோகிராம். 28 நாளும் ஹார்மோன்தான், இடைவெளி கிடையாது. 12 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் 7 நாள் காண்டம். குழந்தை எழுப்புகிற நேரத்தை நம்பாதீர்கள், ஃபோனில் அலாரம் வையுங்கள். இதை நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் முறையில்லாத போக்கால்தான் நிறுத்துகிறார்கள்.

கல்யாணம், திருப்பதி என்று நாள் தள்ளிப்போட வாங்கும் நோரெதிஸ்டீரோன் 5 மி.கி. கருத்தடை மாத்திரை இல்லை. அதைப் போட்டுக்கொண்டிருக்கும்போது கரு தங்கலாம்.

ஐ-பில், அன்வான்டட்-72 இரண்டிலும் லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி. ஒரு மாலா-டி மாத்திரையில் இருப்பதைப் போல 10 மடங்கு. 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மாதம் இரண்டு மூன்று தடவை இதையே வாங்கிவிட்டு "பீரியட்ஸ் கன்னாபின்னான்னு வருது" என்றால் வேறெப்படி வரும்? போட்ட பிறகு நடக்கும் அடுத்த உறவுக்கு இது பாதுகாப்பும் தராது.

கடைசியாக, மற்ற மருந்துகள். டிபி சிகிச்சையின் ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமசெபைன், ஃபெனிடாயின் இவை தினசரி கருத்தடை மாத்திரையின் வீரியத்தைக் குறைத்துவிடும். இவர்களுக்குக் காப்பர்-டியோ ஊசியோதான். சளிக்கு எழுதித் தரும் அமாக்சிசிலினால் ஒன்றும் ஆகாது. அதற்குப் பயந்து கருத்தடை மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து.

பதில் 3: கோரமங்களா வாசகி

இவ்வளவு கெமிக்கல் எதுக்குங்க? பால் கொடுக்கும்போது இயற்கையாவே கரு தங்காது. அதுக்கப்புறம் நாள் கணக்குப் பாத்தா போதுமே.

பதில் 4: மகப்பேறு மருத்துவர், ஜெயநகர்

கோரமங்களா சகோதரி சொன்னதில் முதல் பாதிக்கு மூன்று நிபந்தனை உண்டு. குழந்தைக்கு 6 மாதம் நிறைந்திருக்கக் கூடாது. பீரியட்ஸ் திரும்பியிருக்கக் கூடாது. தாய்ப்பால் மட்டுமே கொடுத்திருக்க வேண்டும், பகலில் 4 மணி நேரத்துக்கும் இரவில் 6 மணி நேரத்துக்கும் மேல் இடைவெளி விடாமல். மூன்றும் இருந்தால் 98 சதவீதம் வேலை செய்யும். ஒரு வேளை பவுடர் பால் சேர்ந்தாலும், வேலைக்குத் திரும்பி இடைவெளி கூடினாலும் அந்தக் கணக்கு போய்விட்டது. நாள் கணக்கைப் பால் கொடுக்கும் இந்தக் காலத்தில் நம்பவே முடியாது. பிரசவத்துக்குப் பின் முதல் கருமுட்டை முதல் பீரியட்ஸுக்கு முன்பே வெளிவரலாம். எந்தத் தேதியிலிருந்து எண்ணுவீர்கள்?

அந்தரா என்பது மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் 150 மி.கி., 3 மாதத்துக்கு ஒரு தசை ஊசி. அரசுத் திட்டத்தில் 2017-இல் வந்தது. பால் கொடுப்பவர்களுக்குப் பிரசவமாகி 6 வாரம் கழித்து. போட்ட இடத்தைத் தேய்க்கவோ ஒத்தடம் கொடுக்கவோ கூடாது. மருந்து வேகமாகக் கரைந்து முன்னதாகவே தீர்ந்துவிடும். தேதி தவறினால் 4 வாரம் வரை சலுகை உண்டு, தேவைப்பட்டால் 2 வாரம் முன்னதாகவும் போடலாம்.

முதல் ஊசி, இரண்டாவது ஊசிக் காலத்தில் சொட்டுச்சொட்டாகப் படுவது மிகச் சாதாரணம். கர்ப்பம் இல்லை, தொற்று இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பின் மெஃபனமிக் ஆசிட் 500 மி.கி. 2 வேளை, 5 நாள் கொடுத்தால் தற்காலிகமாக நிற்கும். குழந்தைக்கு 6 மாதம் தாண்டியிருந்தால் 21 நாள் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையும் கொடுத்துப் பார்க்கலாம். நாளாக ஆகப் பலருக்குப் பீரியட்ஸ் நின்றே போகும். "கெட்ட ரத்தம் உள்ளேயே தேங்குது" என்ற பயம் வேண்டாம். உள்சவ்வு வளராமல் மெல்லியதாகவே இருக்கிறது, உதிர்வதற்கு அங்கே எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

இந்த ஊசியில் எனக்கு இருக்கும் மனக்குறை வேறு. போட்ட பிறகு திரும்ப எடுக்க முடியாது. ஒத்துக்கொள்ளாவிட்டால் 3 மாதம் அனுபவித்தே ஆகவேண்டும். நிறுத்திய பின் கருத்தரிக்கக் கடைசி ஊசியிலிருந்து 7 முதல் 10 மாதம் ஆகலாம். ஒரு வருடத்துக்குள் அடுத்த குழந்தை வேண்டும் என்பவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். எடை கூடுவதும் இதில் உண்மை. தினசரி மாத்திரையால் எடை கூடுகிறது என்பதற்கு அந்த அளவு ஆதாரம் இல்லை.

அதிகப் போக்கு, ரத்தசோகை உள்ளவர்களுக்கு ஹார்மோன் வளையம் பொருத்தம். லெவோநார்ஜெஸ்ட்ரல் 52 மி.கி. உள்ள டி வடிவச் சாதனம்தான் இது. காப்பர்-டியைப் போலவே உள்ளே வைப்பார்கள், ஆனால் விளைவு தலைகீழ். முதல் 3-6 மாதம் கறைபடும், பிறகு போக்கு வெகுவாகக் குறையும். கைத்தோலுக்கு அடியில் வைக்கும் 3 வருடக் குச்சியை அரசு சில மாநிலங்களில் படிப்படியாகக் கொண்டுவருகிறது. கர்நாடகாவும் அதில் உண்டு, அருகில் கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

முடி, எரிச்சல், சோர்வு. எல்லாப் பழியையும் மாத்திரை மேல் போடும் முன் தேதியைப் பாருங்கள். பிரசவமாகி 3, 4 மாதத்தில் கொத்தாக முடி கொட்டுவது கருத்தடையே இல்லாதவர்களுக்கும் நடக்கும். பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் மீளும். அதே மாதங்களில்தான் கருத்தடையும் தொடங்குகிறார்கள், பழி அதன் மேல் விழுகிறது. பிரசவத்துக்குப் பின் தைராய்டு தடுமாறுவதும் இந்த முதல் வருடத்தில்தான். ஆகவே டிஎஸ்எச் (தைராய்டு), சிபிசி (ரத்த அணுக்கள், எச்பி), ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு) மூன்றும் எடுங்கள். எச்பி சரியாக இருந்து ஃபெரிட்டின் மட்டும் தரைதட்டியிருப்பவர்கள் ஏராளம்.

மனநிலை வேறு விஷயம், அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. இந்த ஊசியிலும் மாத்திரைகளிலும் உள்ள புரோஜெஸ்டோஜென் ஹார்மோன் சிலருக்கு உண்மையிலேயே மனத்தை அழுத்தும். ஊசி போட்ட தேதி, மாத்திரை தொடங்கிய தேதி, மனம் மாறிய தேதி மூன்றையும் காலண்டரில் குறித்து எடுத்துவந்தால் டாக்டருக்கு முடிவெடுப்பது எளிது. 2 வாரத்துக்கு மேல் அழுகை, தூக்கமின்மை, குழந்தை மீதே வெறுப்பு என்றால் கருத்தடையை மாற்றுவது மட்டும் போதாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-இல் தமிழிலும் பேசலாம். பெங்களூரு மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் தாயும் சேயும் சேர்ந்தே தங்கும் தனி வார்டு இருக்கிறது. தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்தால் அன்றே போக வேண்டும்.

மறுகேள்வி: விவேக்நகர் அம்மாக்கள் குழு

டாக்டரம்மா, ரொம்ப நன்றி. மாறுகிற கணக்கை விட்டுவிட்டீர்களே. உதாரணத்துக்கு எச்பி 9.6, காப்பர்-டி 4 மாதமாக, குழந்தைக்கு 8 மாதம். இப்படி ஒருவர் எப்படி மாற வேண்டும்?

பதில் 5: மகப்பேறு மருத்துவர், ஜெயநகர்

விந்தணு உள்ளே 5 நாள் வரை உயிரோடு இருக்கும். காப்பர்-டியை எடுத்த கணமே அதன் பாதுகாப்பு போய்விடும். அதனால் திங்கட்கிழமை உறவு, புதன்கிழமை எடுத்தாயிற்று என்றால் கரு தங்க வழி இருக்கிறது. பழையதை நிறுத்திவிட்டுப் புதியதைத் தேடாமல், புதியதைத் தொடங்கி 7 நாள் ஆன பிறகு பழையதை எடுக்க வேண்டும். மாத்திரையோ ஊசியோ தொடங்குங்கள், காப்பர்-டி இன்னும் 7 நாள் உள்ளேயே இருக்கட்டும். அல்லது போக்கு தொடங்கி 5 நாளுக்குள் எடுத்து அன்றே புதியதைத் தொடங்குங்கள்.

நீங்கள் சொன்னவருக்கு நான் முதலில் யோசிப்பது ஹார்மோன் வளையம். ஒரே அமர்வில் காப்பர்-டியை எடுத்து வளையத்தை வைக்கலாம். அதற்கு முந்தைய 7 நாள் காண்டம். போக்கு தொடங்கி 7 நாள் தாண்டி வைத்தால் அடுத்த 7 நாளும் காண்டம். கூடவே இரும்புச் சிகிச்சை, எச்பி ஏறிய பிறகும் 3 மாதம் தொடர வேண்டும். வளையம் கட்டுப்படியாகாது என்றால் டெசோஜெஸ்ட்ரல்.

மற்ற திசைகளில் எளிது. அந்தராவிலிருந்து மாத்திரைக்கு வருபவர் அடுத்த ஊசி தேதியன்றே மாத்திரையைத் தொடங்கினால் போதும், பீரியட்ஸுக்குக் காத்திருந்தால் மாதக்கணக்கில் வராமலே போகலாம். மாத்திரையிலிருந்து காப்பர்-டிக்கு வருபவர் எந்த நாளிலும் வைத்துக்கொள்ளலாம், உடனே வேலை செய்யும்.

இத்தனைக்கும் பிறகு தவறிக் கரு தங்கிவிட்டால், கடையில் கிட் வாங்கிக் கலைக்க முயலாதீர்கள். கரு குழாயில் இருந்தால் அந்த மாத்திரை வேலை செய்யாது, குழாய் வெடிக்கும் ஆபத்து அப்படியே இருக்கும். கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்தின்படி கருத்தடை தோற்றதே 20 வாரம் வரை கலைப்புக்குப் போதுமான காரணம். 18 வயது நிறைந்த பெண்ணின் கையெழுத்து மட்டும் போதும், கணவர் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை.

பதில் 6: குடும்பநல ஆலோசகர்

இவ்வளவு நீளமான பேச்சில் ஆண்கள் பெயர் காண்டத்தோடு நின்றுபோனதைக் கவனித்தீர்களா? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் பெண் கருத்தடை ஆபரேஷன் 37.9 சதவீதம், ஆண்களுடையது 0.3 சதவீதம். இனி குழந்தை வேண்டாம் என்று முடிவாகிவிட்ட வீட்டில் அம்மாவுக்கு எந்தப் பக்கவிளைவும் இல்லாத வழி ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷனான வாசக்டமிதான்.

தழும்பு தெரியாத அளவு சின்ன துளை, அந்த இடத்துக்கு மட்டும் மரப்பு ஊசி, கால் மணி முதல் அரை மணி நேரம், அன்றே வீடு. 2 நாள் ஓய்வு, ஒரு வாரம் பாரம் தூக்காமல், பைக் ஓட்டாமல் இருக்க வேண்டும். இறுக்கமான உள்ளாடை வீக்கத்தைக் குறைக்கும். தோற்பது பெரும்பாலும் ஆபரேஷனால் இல்லை, அவசரத்தால். குழாயில் ஏற்கெனவே இருக்கும் விந்தணு தீர 3 மாதம் ஆகும். அதுவரை காண்டம், அதன் பின் விந்துப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தால்தான் முடிந்தது. அந்தப் பரிசோதனைக்கு வராமலே இருந்துவிடுகிறவர்கள் வீட்டில்தான் சண்டை வருகிறது. ஆண்மை குறையாது; ஹார்மோன் ரத்தத்தில் போகிறது, வெட்டிய குழாய் வழியாக இல்லை.

அம்மாவே செய்துகொள்வதானால் பிரசவமாகி 7 நாளுக்குள், அல்லது 6 வாரம் கழித்து. கணவர் சம்மதக் கையெழுத்து விதிப்படி வேண்டியதில்லை, கேட்டால் விதியைக் காட்டச் சொல்லுங்கள். இதுவும் முதல் வருடத்தில் 1000 பேரில் 5 பேருக்குத் தோற்கலாம்; நாள் தள்ளினால் "ஆபரேஷன்தான் ஆயிடுச்சே" என்று உட்காராதீர்கள்.

பதில் 7: பிரசவ வார்டு சிஸ்டர்

எங்க போறதுன்னு குழுவுல கேப்பாங்க, அதையும் சொல்லிடறேன். மாத்திரை, காண்டம், அந்தரா எல்லாம் பக்கத்துல இருக்கிற நகர ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசம். கர்நாடக அரசோட "நம்ம கிளினிக்"லயும் விசாரிங்க. காப்பர்-டி வெக்க, எடுக்க, நூல் காணலைன்னா பாக்க மாநகராட்சிப் பிரசவ ஆஸ்பத்திரி, இல்லேன்னா சிவாஜிநகர் கோஷா ஆஸ்பத்திரி, கோட்டை பக்கம் வாணி விலாஸ். காலையில ஓபி நேரத்துக்கே போங்க. சிஸ்டர் கன்னடத்துல "வங்கி"ன்னு சொன்னா அது பேங்க் இல்லை, காப்பர்-டிதான். தாயி கார்டு (கர்நாடகத்துல கர்ப்பிணிகளுக்குத் தர்ற அட்டை), இல்லேன்னா தமிழ்நாட்டு டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி பீரியட்ஸ் தேதி, போட்டுட்டு இருக்கிற எல்லா மாத்திரை அட்டையும் எடுத்துட்டுப் போங்க. அந்தரா போட்டவங்க ஊசி கார்டை மறக்காதீங்க. ஊர் மாறினாலும் அடுத்த ஊசி தேதி அதுலதான் இருக்கு.